ஞாயிற்றுக்கிழமைத் தாழ்ப்பாள்

என் அக்கா ரெஜினாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தார். பத்திரிகையில் காலை ஒன்பதரை என்று போட்டிருந்தது. பாடகர் குழு தெரிந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்துவிட்டு, தெரியாத பாட்டில் இறங்கிவிட்டது. அப்பா ஆலய வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்து நடந்து, புதுச் செருப்பு கடித்து நொண்ட ஆரம்பித்தார். ஒருவழியாக வந்து நின்ற மாப்பிள்ளையின் கோட்டுக்குள், இடுப்போரம், பட்டையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. கத்தி. தாலி கட்டக் குனிந்தபோது அக்காவும் பார்த்தாள், பக்கத்தில் நின்ற நானும் பார்த்தேன். பந்தி தொடங்கும் முன்பே ஆள் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். கல்யாணச் சாப்பாட்டை அக்கா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இதற்காகப் பின்னாளில் நான் சண்டை பிடித்தபோது சுடலைராஜ் அத்தான் கோபப்படவில்லை.

"டயத்துக்கு வர்ற ஆளு சீக்கிரம் பூடுவான் டீச்சரம்மா," என்றார். "ஒரே டீக்கடைல ரெண்டு நாளு டீ குடிக்க மாட்டேன். வூட்டுக்கு ஒரே ரூட்டுல வர மாட்டேன். நான் எப்ப எங்க கீறேன்னு எனக்கே தெரியக் கூடாது. அதான் தொயிலு."

அந்தத் தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து கல்மண்டபத்துக்கு, மளிகை மொத்தக்கடையில் மூட்டை தூக்க வந்தவர். அம்மா காசிமேட்டுக்காரி. பிள்ளை பேச்சு முழுக்க அம்மா பக்கம். படிப்பு ஏறாமல் ட்ரெய்லர் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, அங்கிருந்து லோகநாதனிடம் போய்ச் சேர்ந்தார். துறைமுகத்துக்குள் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்து, அங்கேயே தூங்குவார்கள். அந்த வரிசையில் எந்த லாரி முன்னால் நகரும் என்று காசு வாங்கிக்கொண்டு முடிவு செய்கிறவன் லோகநாதன். மறுத்துப் பேசுகிற டிரைவரின் பல்லை உடைப்பது, லாரிக் கண்ணாடியை நொறுக்குவது, டயரைக் கிழிப்பது எல்லாம் அத்தானின் பொறுப்பு. அடுத்தவன் நேரத்தை அடித்துப் பிடுங்கி விற்கிற பிழைப்பு என்று ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "சோக்கா சொல்ற, போர்டுல எய்திப் போடு," என்று சிரித்தார். எனக்கு அறையலாம் போல வந்தது.

வரிசைக்கு இன்னொரு கூட்டமும் உரிமை கொண்டாடியது. அதில் முன்னால் நின்றவன் வியாசர்பாடிக்காரன், பரிதி என்று பெயர். ஒரு மத்தியான வேளையில், லாரிகளுக்கு நடுவே, டிரைவர்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அவனை வெட்டினார்கள். அத்தான் கத்தியைத் தொடவில்லை. பின்னாலிருந்து பரிதியின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வெட்டியது மற்ற இரண்டு பேர். வெட்டு விழ விழ, அந்த உடம்பின் முழு எடையும் தன் கைக்குள் இறங்கியதை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "நான் உட்டிருந்தா ஓடிருப்பான். நான் உடல." இதற்கு மேல் ஒரு சொல் நியாயம் பேசியதில்லை. பரிதிக்கு எழில்மொழி என்று மனைவி இருந்தாள், கைக்குழந்தை இருந்தது. பகலவன் என்று ஒரு தம்பியும் இருந்தான்.

அத்தான் ஜெயிலில் இருந்தபோதுதான் பாஸ்டர் ஞானதுரை வந்தார். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே சங்கு ஊதினால் கேட்டை மூடிவிடுவார்கள். ஓடி வந்து கம்பியைப் பிடித்தாலும் அன்றைய கூலி போனதுதான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சங்கு அவர் காதை விட்டுப் போகவில்லை. ஊழியம் செய்ததும் அப்படித்தான். ஆனால் அத்தானைக் கவிழ்த்தது அவருடைய பிரசங்கம் இல்லை.

"வர்ற செவ்வாக்கெயம இதே நேரம் வரேன்னு சொன்னாரு. வந்தாரு. அடுத்த செவ்வாயும் வந்தாரு. மயைல தொப்பலா நனஞ்சிகினு வந்தாரு. வக்கீலு வரேன்னான், வரல. லோகு வரேன்னான், வரல. ரெஜினா கூட பஸ்ஸு கெடைக்கலன்னு லேட்டாதான் வருவா. சொன்ன நேரத்துக்கு வந்தது அந்த ஒரே ஆளு. இவரு இப்டி கீறாருன்னா இவரு கும்பட்ற சாமி நெசமாதான் இருக்கும்னு தோணிச்சு."

மனந்திரும்பிய கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். வெளிச்சம் தெரியும், குரல் கேட்கும், உடம்பு நடுங்கும். கடிகாரத்தைப் பார்த்து மனந்திரும்பியவர் எனக்குத் தெரிந்து எங்கள் அத்தான் ஒருவர்தான்.

ஜாமீனில் வெளியே வந்தார். ஞானஸ்நானம் எடுத்தார். சாமுவேல் என்று பெயர் மாற்றிக்கொள்ளச் சொன்னபோது, "போலீஸ் ரெக்கார்டுல மாத்தறது பேஜாரு பாஸ்டர், சுடலையே இருக்கட்டும்," என்றுவிட்டார். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனார். திருவொற்றியூரில் ஒரு மாடியில் பாஸ்டர் நடத்திய எங்கள் ஜெபவீடு. கீழே ரஹீமுன்னிசா அக்காவின் பிரியாணி அடுப்பு. ஒன்பது மணிக்கு ஆராதனை. அங்கேதான் சிக்கல் வந்தது. ரவுடிப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் ஞாயிறுதோறும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மறுபடி உள்ளே.

முதலில் ஆண்டவர், அடுத்து குடும்பம், அதற்கு அடுத்துதான் தொழில். உன் நாளை இந்த வரிசையில் அடுக்கு, மற்றதெல்லாம் தானாக அடங்கும் என்பது பாஸ்டரின் ஓயாத போதனை. அந்த அடுக்கில் போலீஸ் ஸ்டேஷனை எங்கே வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு ஆராதனையைப் பதினொரு மணிக்கு மாற்றினார். கறிக்குழம்பு எப்போது வைப்பது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"ரயிலுக்கே டைம் மாத்துறோம். ஒரு ஆத்துமாவுக்காக மாத்தக் கூடாதா சிஸ்டர்?" என்றார் பாஸ்டர். "ஆனா மாத்தின நேரத்துக்கு மேல நான் பொறுக்க மாட்டேன். பதினொண்ணு அடிச்சா கதவுக்குத் தாள். பிந்தி வர்றவங்க படியில உக்காந்து கேளுங்க."

தாள் போடும் வேலை அத்தானுக்கு வந்தது. பெரிய பதவி கிடைத்த மாதிரி அதைச் செய்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டு, கதவோரம் நின்று, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை நானும் அக்காவும் படியேறிக்கொண்டிருக்கும்போதே எங்கள் மூக்குக்கு முன்னால் தாளைப் போட்டார். இருவரும் படியில் உட்கார்ந்து, பிரியாணி வாசனையில் பசித்தபடி, மூடிய கதவைப் பார்த்து ஆமென் சொன்னோம். வீட்டுக்கு வந்து அக்கா கரண்டியால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். "ஒனக்குன்னு தொறந்தா அது கதவே இல்ல ரெஜினா," என்றார் முதுகைத் தடவிக்கொண்டே.

இதில் இருந்த ஆபத்து எனக்கு முன்பே புரிந்துவிட்டது. வழியையும் நேரத்தையும் மாற்றி மாற்றி உயிரோடு இருந்த மனிதர், பத்து மணிக்கு ஸ்டேஷன், பதினொன்றுக்கு ஜெபவீடு என்று சுவரில் போஸ்டர் ஒட்டாத குறையாக நடந்துகொண்டிருந்தார். பகலவன் அண்ணனைப் புதைத்த இடத்திலேயே சபதம் போட்டதாக ஊரெல்லாம் பேச்சு. பாஸ்டரே பயந்துபோய், சாயங்காலம் தனியாக வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறேன் என்றார். அத்தான் கேட்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்று அக்கா வெளிப்படையாகவே அழுதாள். "ஒரு வாரம் முன்னப்பின்ன போனா ஆண்டவரு கோச்சுக்குவாரா?"

"அவரு கோச்சுக்க மாட்டாரு. நான்தான் பயய ஆளா பூடுவேன். வரேன்னு சொல்ட்டேன் ரெஜினா. வரணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முன்னதாகவே போய்க் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிந்தி வருகிறவர்கள் வெட்கப்பட்டு விரல் நுனியால் தட்டுவார்கள். இது கத்திப் பிடியால் இடித்த இடி. அத்தான் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"பகலவன்," என்றார் என்னிடம், மெதுவாக. "கூட மூணு பேரு."

அது பழைய பிளைவுட் கதவு. நாலு உதை தாங்காது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி, வேறு வழி கிடையாது. உள்ளே பாதிக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும். என் அக்கா முன்வரிசையில் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். அத்தான் அவளை ஒரு தரம் பார்த்தார்.

"டீச்சரம்மா, நான் வெளிய போனதும் தாள் போட்டுடு. நான் தட்னாலும் தொறக்காத."

நான் வாயைத் திறக்கும் முன்பே தாளை நீக்கி, தோளால் அவர்களை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் தாளைப் போட்டேன். அதே நொடியில் சத்தம் தொடங்கியது. கசாப்புக் கடையில் எலும்போடு சேர்த்துக் கொத்தும்போது கேட்குமே, அந்தச் சத்தம். பாட்டு நின்றது. பிள்ளைகள் வீறிட்டார்கள். அக்கா எல்லோரையும் மிதித்துக்கொண்டு ஓடி வந்து என் முதுகில் குத்தினாள், தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், தாழ்ப்பாளைப் பிடித்திருந்த என் கையைக் கடித்தாள்.

"தொறடி! தொறடி பாவி! அவரக் கொல்றானுவ!"

நான் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். கதவின் கீழ்ப்பக்கம், தரையோரமாக, ஒரு இடி. மறுபடி ஒரு இடி. அவர் தட்டினாரா, விழுந்தாரா, இன்றுவரை தெரியாது. கதவுக்கு அடியிலிருந்து ரத்தம் உள்ளே வந்து என் வெறுங்காலில் சூடாகப் பட்டது.

காப்பாற்றியது ரஹீமுன்னிசா அக்கா. பிரியாணிக்கு அரிசி வடித்துக்கொண்டிருந்தவர் அலறல் கேட்டு, கொதிக்கிற தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு படியேறி வந்து, "அரே ஷைத்தான்களா, மேல கொயந்தைங்க இருக்கு!" என்று கத்திக்கொண்டே கண்மண் தெரியாமல் வீசினார். பகலவனின் கழுத்திலும் முதுகிலும் அது முழுசாக விழுந்தது. அவனுடைய ஊளை தெருமுனை வரைக்கும் கேட்டது. நால்வரும் உருண்டடித்துக்கொண்டு ஓடினார்கள்.

கதவைத் திறந்தபோது அத்தான் வாசலை அடைத்த மாதிரி குறுக்கே கிடந்தார். வலது கை மணிக்கட்டில் தோலோடு தொங்கியது. தோளில் இரண்டு வெட்டு, காதில் ஒன்று. பெரியாஸ்பத்திரியில் அந்தக் கையை எடுத்துவிட்டார்கள்.

ஆராதனை முடிந்து பார்க்க வந்த சபைக்காரர்களில் ஒருவர், பரிதியைப் பிடித்த கையை ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று பக்தியோடு சொன்னார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பகலவன் வெட்டியதை ஆண்டவர் தலையில் கட்டாதீர்கள், அவருக்கு வேறு வேலை இருக்கிறது என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கட்டிலில் கிடந்தபடி அத்தான், "உடு டீச்சரம்மா," என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மணி என்ன என்று கேட்டார். பதினொன்று எப்போதோ தாண்டிவிட்டது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். கை போனதற்கு அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

எழுந்து நடமாடியதும் மறுபடி அதே நேரம், அதே வழி. ஸ்டேஷனில் இடது கையால் கோணல்மாணலாகப் போட்டதைப் பார்த்து, கையெழுத்து மாறியிருக்கிறதே என்று ரைட்டர் முறைத்தாராம். "கையே இல்ல சார், எய்த்து மட்டும் எங்கர்ந்து வரும்?" என்றாராம் இவர். ஜெபவீட்டில் கதவைப் பூட்டவே வேண்டாம் என்று சிலர் சொன்னபோது, அத்தான்தான் பூட்டியே ஆகவேண்டும் என்று நின்றார். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

"அன்னிக்கு நீ போட்ட தாளு நல்ல தாளு. கொயந்தைங்க பொயச்சுது. நீயே போடு."

அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

இந்த நிலையில்தான் லோகநாதன் வந்தான். சனிக்கிழமை மத்தியானம். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவன், ஆப்பிளும் சாத்துக்குடியுமாகப் பையைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தான். நானும் அக்காவும் சமையலறை வாசலில் நின்றோம்.

"பகலவன் பெயில்ல வந்துட்டான் மச்சான். அவன் பேரும் லிஸ்ட்ல ஏறிட்ச்சு. நாளைலர்ந்து பத்து மணிக்கு ஒன் கூடவே குந்திகினு சைன் போடுவான்."

"தெரியும்," என்றார் அத்தான்.

"ஒன் டயத்த தெரிஞ்சு வெச்சிகினுதான ஒன்ன போட்டான்? இப்ப அவன் டயம் நம்ம கைல. சைன் போட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடப்பான்ல, அந்த கேப்பு போதும்."

"வாணாம் லோகு."

"ஒன்ன ஆரு கத்தி எட்க்க சொன்னா? நீ சைன் போட்டியா, நேரா ஒன் கோயிலுக்குப் போய்கினே இரு. லேட்டாவாம போ. நீதான் டயத்துக்குப் போற ஆளாச்சே."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பகலவன் நடுரோட்டில் துடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அன்று என் காலில் பட்ட சூடு இன்னும் போகவில்லை.

"நீங்க நேரா ஜெபத்துக்கு வந்துருங்க," என்றாள் அக்கா. "யாரோ பண்ற பாவம். நம்ம பாவம் இல்ல."

அத்தான் ஆப்பிளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி பையிலேயே போட்டார். "நான் கரெக்டா கோயிலுக்குப் போனா அவன் செத்தான்," என்றார். "அன்னிக்கு அண்ணன புட்ச்சிகினு நின்னேன். நாளிக்கு தம்பிய உட்டுட்டுப் போவணுமாம்."

மறுநாள் பதினொன்று அடித்தது. அத்தான் வரவில்லை. நான் கதவைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், பாஸ்டரைப் பார்த்தேன். பாஸ்டர் கண்ணாலேயே தாளைக் காட்டினார். போட்டேன். அக்கா பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். ஆராதனை முடிந்து கதவைத் திறந்தபோது, அத்தான் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் மண். உதட்டோரம் வீங்கியிருந்தது.

"அவன பஸ் ஏத்திட்டு வந்தேன்," என்றார்.

நடந்தது இதுதான். ரைட்டர் பகலவனைக் கடைசியாகத்தான் கூப்பிட்டார். அத்தான் வாசலில் காத்திருந்து, அவன் வெளியே வந்ததும் கூடவே நடந்தார். "இன்னாடா, இன்னொரு கையும் வாணாமா?" என்றான் பகலவன். "எங்காளுங்க நிக்கிறாங்க. நான் கூட வந்தா கை வெக்க மாட்டாங்க," என்றார் இவர். அவன் நம்பவில்லை. முகத்தில் காறித் துப்பி, வயிற்றில் ஒரு குத்து விட்டான். இவர் விழுந்து, எழுந்து, மறுபடி பின்னாலேயே போனார். லோகநாதனின் ஆட்கள் எதிர்ப்பக்கம் பைக்கில் உட்கார்ந்து, தங்கள் ஆளே குறுக்கே நிற்பதைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் வந்தது. பகலவன் ஏறினான்.

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கு அடுத்த வாரமும். ஊரிலேயே நேரம் தவறாத மனிதர் ஞாயிறுதோறும் பிந்தி வந்து, படியில் உட்கார்ந்தார்.

பாஸ்டருக்குத் தாங்கவில்லை. "பிரதர், முதலாவது யாரு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஆண்டவரு."

"அப்போ பதினொரு மணிக்கு நீங்க எங்க இருக்கணும்?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "படில குந்திக்கிறேன் பாஸ்டர். அங்கர்ந்தும் கேக்குது."

நான் பாஸ்டரிடம் தனியாகப் போய் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் கண் கலங்கியது உண்மை. ஆனாலும், "போலீஸ் வேலைய போலீஸ் பாக்கட்டும் சிஸ்டர். ஒருத்தருக்குத் திறந்தா அப்புறம் கதவு எதுக்கு?" என்றார். சங்கு ஊதின பிறகு கேட்டைத் திறக்க அந்த மனிதரால் முடியவில்லை. அத்தானிடம் வந்து இதைச் சொன்னால், அவரும் பாஸ்டர் சொல்வதுதான் சரி என்றார். இரண்டு கடிகாரப் பைத்தியங்களுக்கு நடுவில் எனக்குத்தான் தலை வெடித்தது.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு ஞாயிறு. தாள் போட்டாயிற்று. பாஸ்டர் நீண்ட ஜெபம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். திடீரென்று கதவில் இடி விழுந்தது. விரல் நுனி இல்லை; முஷ்டி. அன்றைக்குக் கேட்டோமே, அதே மாதிரி. ஜெபம் பாதியில் நின்றது. பெண்கள் பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். நான் இடுக்கில் கண்ணை வைத்தேன். முதலில் தெரிந்தது ஒரு கழுத்து. வெந்து ஆறிய தோல், சுருங்கிச் சுருங்கி.

"பகலவன்," என்றேன்.

அக்கா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். அன்றைக்குத் திறக்கச் சொல்லிக் கடித்த அதே கையை. "தொறக்காத ஜெனி! தொறக்காதடி! அவரு சொன்னாருல்ல, தட்னாலும் தொறக்காதன்னு!"

"யம்மோவ், ஆரு உள்ள?" என்று வெளியே அவன் கத்தினான். "தொறங்கம்மா! ஆளுக்கு ரத்தமா ஊத்துது!"

மறுபடி பார்த்தேன். அவன் தோளில் சாய்ந்து ஒரு தலை. காது பாதி இல்லாத தலை.

அக்காவைத் தள்ளிவிட்டுத் தாளை இழுத்தேன்.

அத்தானின் வாய் இருந்த இடத்தில் வாய் தெரியவில்லை. முன்பற்கள் போயிருந்தன. பஸ் ஸ்டாப்பில் லோகநாதனே நேரில் வந்து இறங்கியிருக்கிறான். அத்தான் பகலவனைக் கடை ஷட்டரோடு ஷட்டராக அழுத்தி, தன் முதுகைக் காட்டி, ஒற்றைக் கையால் அணைத்துக்கொண்டாராம். நவுரு, நவுரு என்று லோகநாதன் முதுகில் மிதித்தான். கடைசியில் தலையைத் திருப்பிக் கத்தியின் பின்பக்கத்தால் வாயிலேயே அடித்தான். இவர் கையை எடுக்கவில்லை. கூட்டம் கூடி, டிராபிக் போலீஸ் ஓடி வந்ததும் பைக்குகள் பறந்துவிட்டன. இதெல்லாம் பகலவன் பிறகு சொன்னது. அந்த நேரத்தில் அவன் சொன்னது வேறு.

"இந்தா, புட்ச்சுக்க," என்று அத்தானை என் மேல் சாய்த்தான். அவன் சட்டை முழுக்க அத்தானின் ரத்தம். "ஆஸ்பத்திரிக்கு வாடான்னா வர மாட்டேன்றான். மொதல்ல இங்க வரணுமாம். லேட்டாயிச்சாம்."

அக்கா புடவைத் தலைப்பை அத்தானின் வாயில் வைத்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே, நிமிர்ந்து பகலவனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். ரஹீமுன்னிசா அக்கா தண்ணீர்ச் செம்போடு படியேறி வந்தவர், அந்தக் கழுத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

பாஸ்டர் எங்களிடம் வந்தார். பழக்க தோஷம், சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன்னுடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவோரம் போட்டு, அத்தானை உட்கார வைத்தார்.

"ஆட்டோ வருது, அதுவரைக்கும்," என்றார். "உள்ள வாங்க தம்பி, நீங்களும்."

பகலவன் வரவில்லை. திரும்பிப் போகவும் முடியாது; லோகநாதன் தெருமுனையில் இருக்கிறானோ என்னவோ. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அத்தான் வாராவாரம் உட்கார்கிற அதே படியில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பாதியில் நின்ற ஜெபத்தைப் பாஸ்டர் அங்கேயே நின்று தொடர்ந்தார்.

வழக்கப்படி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போய் அத்தானின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அன்று தாள் போடவில்லை.